மதிலுக்குள் மிஞ்சிய காடு

தாம்பரத்துக்கு மார்கழிதான் பச்சை மாதம். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு மார்கழியில் செடி கொடியெல்லாம் நிமிர்ந்து நிற்கும். சித்திரையில் காய்ந்து கிடந்த முட்புதர் எது, மழைக்குப் புதிதாக முளைத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் மரங்கள் மொட்டையாகிவிடும். வெப்பநாட்டுச் செடி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கூடத்துக்குள் போகவேண்டும். எங்களுக்கோ டிசம்பர், ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பமானி இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கண்ணாடியும் கதவும் இல்லாத வெப்பக்கூடமாக ஊரே இருந்தது. அந்த ஊரைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தாம்பரம் அது. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 365 ஏக்கர். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் காலேஜ் காடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்னே எழுப்பிவிடுவார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். சாணம் தெளித்த வாசல்களில் கோலம்; கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ. தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடப்போம். வழியில் டீக்கடையில் அப்பாவுக்கு ஒரு டீ, எனக்குப் பொறை. அப்புறம் காடு.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தார். மாணவர்களுக்கு மாதிரிச் செடி பறித்துக் கொடுத்தே அந்தக் காட்டின் ஒவ்வொரு புதரும் அவருக்குப் பழக்கம். அவர் எங்களுக்கு முன்னால் நடப்பார். பெரிய கட்டடங்கள் நிற்கும் பக்கம் அவர் எங்களைக் கூட்டிப் போனதே இல்லை. பாதையை விட்டு இறங்கி, பனியில் நனைந்த புல்லை மிதித்துக்கொண்டு உள்ளே போவார். களா, காரை, சூரை, இலந்தை, உசிலை, காட்டு எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். காட்டு எலுமிச்சையின் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவார். அந்த வாசனையோடுதான் எனக்கு அந்தப் பெயர் மனத்தில் பதிந்தது.

ஒரு நாள் சூரை முள்ளின் மேல் படர்ந்திருந்த செங்காந்தளைக் காட்டினார். கார்த்திகையிலேயே பூத்து முடித்துவிடும் கொடி; அந்த வருடம் மழை பிந்தியதால் கடைசிப் பூக்கள் நாலைந்து இருந்தன.

“முள்ளு மேல ஏறிப் படுத்திருக்கே, கையில்லாம எப்படி ஏறிச்சு? இலை நுனியைத் தொட்டுப் பாரு தம்பி.”

தொட்டுப் பார்த்தேன். இலை மெல்ல மெல்ல ஒடுங்கி, நுனியில் கம்பி அளவுக்கு மெலிந்து, சூரைக் கிளையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இலையே கையாகவும் இருந்தது. பூவைத் தாழ்த்திக் காட்டினார். ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து மேலே நிமிர்ந்திருந்தன. ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. மொட்டாக இருக்கும்போது பச்சை, விரியும்போது அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக அந்தச் சிவப்பு கீழே இறங்கி முழுப்பூவும் கனன்றுவிடும். மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்குத்தாக மடங்கி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்க அது விலகி நிற்கிறது என்று சொன்னார். “கெழங்கு வெசம். கையத் தொடச்சுக்க” என்றும் சொன்னார். தமிழ்நாட்டின் மாநில மலர் அது என்பதையும், அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் மூட்டுவாதத்துக்கு மருந்தாகிறது என்பதையும் நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த எந்தத் தாவரவியல் பாடமும் அந்த இலை நுனி அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை.

மார்கழிக்கு விருந்தாளிகளும் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, புதருக்கடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். காலையில் இருள் பிரியும் நேரத்திலும் மாலையில் இருள் கவியும் நேரத்திலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அரசவால் ஈப்பிடிப்பான் நீண்ட வாலை இழுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் போகும். கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அந்த வளாகத்திலேயே குடியிருந்தவர். தாம்பரத்துப் பறவைகளைக் கவனித்துக் குறித்துவைத்தார். வாசல் கோலங்களின் புள்ளிக்கும் கோட்டுக்கும் பின்னாலிருக்கும் கணக்கை ஆராய்ந்த கூட்டத்திலும் அவர் ஒருவர். மார்கழித் தெருவின் கோலமும் மார்கழிக் காட்டின் குருவியும் ஒரே மனிதரின் நோட்டுப் புத்தகத்தில் இடம் பிடித்திருந்தன என்று நினைக்கும்போது, அந்தக் காலத்துத் தாம்பரம் எனக்கு முழுதாகக் கண்ணில் நிற்கிறது. 1988-ல் அவர் காலமானார்.

அந்தக் காடு எப்படி வந்தது என்பதையும் அப்பாவின் சிநேகிதர் நடந்துகொண்டே சொல்லுவார். 1837-ல் தொடங்கிய கல்விச்சாலை, நூறு வருடம் ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்தது. 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. வந்து சேர்ந்த இடம் சேலையூர்க் காட்டு நிலம். காடு என்பது பெயருக்குத்தான். விறகு வெட்டியும் ஆடு மாடு மேய்ந்தும் இடுப்பளவு முட்புதராகக் குறுகிப்போயிருந்த செம்மண் தரை. கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அதை வேறு கண்ணால் பார்த்தார். தொழில் வேதியியல் என்றாலும் அவருடைய மனம் தாவரங்களில் இருந்தது. விடுமுறை வந்தால் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் போய்ச் செடி தேடுவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அரிசீமா பார்னெசியை என்ற செடி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் வளாகத்தில் மரம் நட்டார்; நட்டதைவிடப் பெரிய காரியம், இருந்ததைக் காத்தார். 1941-ல் அவர் இறந்தபோது வளாகம் இன்னும் பாதிப் பொட்டலாகத்தான் இருந்திருக்கும். “பார்ன்ஸ் துரை நட்டதைப் பார்க்க அவருக்கு ஆயுசு இல்ல. நமக்கு இருக்கு” என்பார் அப்பாவின் சிநேகிதர். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நடப்பார்.

வேலி போட்ட பிறகு நிலம் தானே எழுந்த விதத்தை நான் பிற்பாடு புரிந்துகொண்டேன். வெட்டுவது நின்றதும் அடிக்கட்டைகள் தழைத்தன. மாடு போகாத இடத்தில் முதலில் முள்தான் வரும். சூரைப்பழத்தையும் களாப்பழத்தையும் தின்ற கொண்டைக்குருவி எங்கே உட்கார்ந்து எச்சமிடுகிறதோ அங்கே அடுத்த விதை விழும். முள்ளுக்குள்ளே விழுந்த விதைக்கு ஆட்டு வாய் எட்டாது. முள்ளின் நிழலில் ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். அந்த நிழலில் முளைத்த மரம் முள்ளைத் தாண்டி வளர்ந்து, ஒரு கட்டத்தில் முள்ளுக்கே நிழலாகிவிடும். வருடத்தில் முக்கால்வாசி நாள் வறண்டு கிடக்கும் கோரமண்டல் கரையின் மரங்கள் சின்ன இலையும் தடித்த தோலுமாக, கிடைத்த மழையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகியவை. அவற்றுக்கு உரம் வேண்டாம், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். யாரும் வெட்டாமல் விட்டால் போதும்.

அப்போது காடு காலேஜுக்குள்ளே மட்டும் இருக்கவில்லை. எங்கள் தெருவே பாதிக் காடு. மனைக்கு மனை உயிர்வேலி: கிளுவை, ஆடாதோடை, நொச்சி. அதன் மேல் கோவைக்கொடி, முடக்கத்தான், பிரண்டை, தூதுவளை. எங்கள் ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். மார்கழிக் குளிரில் எனக்கு மூக்கடைத்தால் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்ப மாட்டார். “தோ வரேன் கண்ணு” என்று வேலிக்குப் போவார். தூதுவளை இலையின் முள்ளை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார். மழை நாளில் அவருக்கு முட்டி வலித்தால் முடக்கத்தான் கீரையை அரிசியோடு ஆட்டித் தோசை. பிரண்டையின் நாரை உரிப்பதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். இல்லையென்றால் கை அரிக்கும். நெய்யில் வதக்கி, புளி வைத்து அரைத்த அந்தத் துவையலின் காரலான ருசி இப்போதும் நாக்கடியில் வருகிறது.

காலி மனைகளின் ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி இருக்கும். அதன் சிவந்த பழத்தைக் குச்சியால் தட்டி, மண்ணில் புரட்டி முள்ளை நீக்கி, பிட்டுத் தின்போம். நாக்கும் உதடும் சட்டைக் காலரும் சிவந்துவிடும். அந்தக் கள்ளிக் கூட்டத்துக்குத் தென்சென்னையில் ஒரு பழங்கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவத் தலைவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றைப் போட்டார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் கிடைக்கும் செஞ்சாயத்துக்கு அப்போது ஐரோப்பாவில் தங்க விலை. அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. அதை உடைக்க வேண்டும் என்பது திட்டம். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வந்தது. ஆண்டர்சனும் ஜோசப் பேங்க்ஸும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி தரம் குறைந்தது. எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. 1800 வாக்கில் தோட்டம் மூடப்பட்டது. செடிகள் பல பெங்களூரு லால்பாகுக்குப் போயின. சைதாப்பேட்டையில் அந்தத் தோட்டத்தின் சுவடு இன்றைக்கு ஒன்றுமில்லை. மின்சார ரயிலில் சைதாப்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் சென்னையின் முதல் தாவரத் தோட்டங்களில் ஒன்று இங்கேதான் இருந்தது என்று எனக்கு நினைப்பு வரும்.

அந்த ரயிலைச் சொல்லாமல் தாம்பரத்தைச் சொல்ல முடியாது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. மீட்டர் கேஜ் பாதை. குறுகலான பெட்டி, திறந்த வாசல். வாசலோரம் நின்றால் பல்லாவரம் குன்று, குரோம்பேட்டை ஏரி, பனை வரிசை எல்லாம் கையெட்டும் தூரத்தில் போகும். மழை முடிந்த மார்கழியில் தண்டவாளத்தின் இருபக்கமும் தேங்கிய நீரில் அல்லி பூத்திருக்கும். 2004 ஜூலையோடு அந்த மீட்டர் கேஜ் ஓட்டம் முடிந்தது. அகலப்பாதையின் பெட்டிகள் பெரியவை, வேகமானவை. ஆனால் அதற்குள் வாசலோரம் நின்று பார்க்க வெளியே இருந்ததும் குறைந்துபோயிருந்தது.

தாம்பரத்துக்கு முந்தின நிலையத்துக்கு சானடோரியம் என்று பெயர் வந்ததும் காற்றாலும் மரத்தாலும்தான். டேவிட் சவுரி முத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி நடத்தியவர். திறந்த வெளியும் சுத்தமான காற்றும் ஓய்வுமே காசத்துக்கு மருந்து என்று நம்பிய காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் வெகுநாள் இருந்தது. அவர் ஊர் திரும்பி 1928-ல் தாம்பரத்துக்கு அருகே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பட்டணத்துப் புழுதி எட்டாத தூரம், மரம் அடர்ந்த மேடு, கடல்காற்று வந்து தொடும் இடம் என்று பார்த்துத்தான் அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். என் சின்ன வயதில்கூட, சானடோரியம் நிலையத்தில் ரயில் நிற்கும்போது ஆயா மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லுவார். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். நானோ ரகசியமாக மூச்சை நன்றாக இழுப்பேன். காற்றே மருந்து என்றால் அங்கேதானே நிறைய இழுக்க வேண்டும்.

எண்பதுகளில் எல்லாம் வேகமெடுத்தது. 1984-ல் ஏற்றுமதி வளாகம் மெப்ஸ் வந்தது. வேலை வந்தது, சம்பளம் வந்தது, எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் சொந்த வீடு கட்டின. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மனைக்கு மனை உயிர்வேலி இருந்த இடத்தில் ஹாலோபிளாக் சுவர் எழுந்தது. சுவரில் தூதுவளை ஏறாது. சுவருக்கடியில் சிமெண்ட் பூசியதால் மழைநீருக்குப் போக்கிடம் இல்லை. ஏரியின் வாய்க்கால் தெருவானது, தெரு பஸ் ரூட்டானது. ஆயா கடைசி வருடங்களில் வெளியே வந்து சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். வேலி போன பிறகு அவருக்கு வாசலில் வேலை இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த நூறு செடிப் பெயர்களைச் சொல்ல, சுட்டிக்காட்ட ஒரு செடி வேண்டுமே. பெயர்கள் அப்படித்தான் போயின. யாரும் மறக்கவில்லை, சொல்வதற்கு எதிரே எதுவும் இல்லாமல் போனது.

ஒரே காலத்தில் ஒரே ஊரில் சுவர் இரண்டு வேலை செய்திருக்கிறது. தெருவில் எழுந்த சுவர் காட்டை விரட்டியது. காலேஜைச் சுற்றி எழுந்த மதில் காட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது.

மகளுக்கு லண்டனில் வேலை. ஒரு ஜனவரியில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கியூ தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். புல்தரையில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஓக் மரங்கள் ஒரு இலையும் இல்லாமல் நின்றன. பனைமாளிகை என்று அவர்கள் சொல்லும் பெரிய கண்ணாடிக்கூடத்துக்குள் நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஊர் தெரிந்தது: ஈர மண், அழுகும் இலை, வாழை மட்டை. கார்த்திகை மழை விட்ட மறுநாள் எங்கள் கொல்லைப்புறத்தில் இருந்த அதே வாசனை.

“அப்பா, உள்ள வந்ததும் நம்ம வீட்டுக்குப் பின்பக்கம் மாதிரி இருக்குல்ல?” என்றாள்.

1844-க்கும் 1848-க்கும் இடையில் டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் கட்டிய மாளிகை. கப்பல் கட்டும் முறையில் இரும்பை வளைத்து எழுப்பியது. அடியில் கொதிகலன்களை வைத்து நிலக்கரி எரித்தார்கள். புகை கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடாமல் சுரங்கம் வழியே தூரத்திலிருந்த கோபுரத்துக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் ஊரில் சும்மா கிடைக்கும் வெக்கைக்கு அவர்கள் பட்ட பாட்டை நினைத்து உண்மையில் மலைத்தேன். உள்ளே தொட்டியில் ஒரு சைக்காட் வகைச் செடி நிற்கிறது. 1775-ல் பிரான்சிஸ் மேசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இருநூற்றைம்பது வருடமாக அதைத் தொட்டி மாற்றி, தாங்கு கொடுத்து, கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு செடிக்கு அத்தனை தலைமுறை அக்கறை. அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தத் தோட்டத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. 1876-ல் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகள் வந்தன; அவற்றில் ஒரு சிறு பங்கு கியூவின் கண்ணாடிக் கூடங்களில்தான் முளைவிட்டது. அங்கிருந்து நாற்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அந்தத் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்ட நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். கண்ணாடிக்குள் முளைத்த நாற்றின் பின்னாலே எத்தனை தமிழ்க் குடும்பங்களின் தலைவிதி நடந்துபோயிருக்கிறது. ரப்பர் மரத்தின் பெயரட்டையை மகள் வாசித்துக் காட்டியபோது நான் இதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, “செங்காந்தள் செங்காந்தள்னு சொல்வியே, அது எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாள்.

குளிர்நாடுகளில் செங்காந்தளையும் கண்ணாடிக்குள் தொட்டி வைத்து வளர்க்கிறார்கள்; கோடையில் பூக்கும். ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது தாம்பரத்தில். அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் தெருவில் காந்தள் ஏற ஒரு வேலி மிச்சமில்லை. ஊரைச் சொல்லிக் கொடுக்க ஊர் இல்லாமல் போனதன் வலி, ஏழு கடல் தாண்டிய அந்தக் கூடத்தில் வைத்துத்தான் எனக்கு முழுதாக உறைத்தது.

சென்னையும் இப்போது கண்ணாடிக்கூடம் கட்டுகிறது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா வந்தது. அதே சாலையில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அதில் வெளிநாட்டுச் செடிகளுக்கென்று ஒரு கண்ணாடி மாளிகை. போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் செடியருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் வாரச்சந்தைக்குப் போனாலும் செடிக்காரர்களைச் சுற்றிக் கூட்டம்தான். மொட்டை மாடிக்கும் பால்கனிக்கும் தொட்டி வாங்கிப் போகிறார்கள். பிளாஸ்டிக் பையில் தூதுவளையும் விற்பனைக்கு வருகிறது. செடி மேல் இந்த ஊர் ஜனங்களுக்கு இருக்கும் ஆசை ஒரு துளியும் குறையவில்லை. வேர்விட இடம்தான் குறைந்துவிட்டது.

2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. வாய்க்காலை மறந்த தெருக்களில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போனது. மறு வருடம் டிசம்பர் 12 வர்தா புயல். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. எங்கள் தெருவில் தூங்குமூஞ்சியும் குல்மொகரும் வேரோடு கவிழ்ந்து கிடந்தன. தெருக்கோடிப் பனை இரண்டும் அசையவில்லை. காலேஜ் வளாகத்திலும் பெரிய மரங்கள் விழுந்தன. விழுந்த இடத்தில் திடீரென்று வெளிச்சம் விழுந்ததும், அதுவரை நிழலில் காத்துக் கிடந்த களாவும் காரையும் உசிலைக் கன்றும் ஒன்றோடொன்று போட்டிபோட்டு எழுந்தன. முதல் தடவை அந்த நிலம் எழுந்ததை நான் கேள்விப்பட்டதோடு சரி. இந்தத் தடவை கண்ணால் பார்த்தேன்.

செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூரில் கியூ தோட்டத்தின் துணையோடு சுமார் 300 கோடி ரூபாயில் தாவரத் தோட்டம் அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து கொஞ்ச நேரப் பயணம். அறிவிப்பைப் படித்தபோது மனம் துள்ளியது. சைதாப்பேட்டையில் சாயத்துக்காகத் தொடங்கிய கியூவின் உறவு, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து செடிக்காகவே திரும்பி வருகிறது. அங்கே கண்ணாடிக்கூடம் கட்டட்டும், அயல்நாட்டு அதிசயங்களை வைக்கட்டும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கட்டும். கூடவே ஒன்று கேட்கிறேன். அந்த நிலத்தில் ஒரு பகுதியில் எதையும் நடாமல், எதையும் வெட்டாமல், சுற்றி வேலி மட்டும் போட்டு விடுங்கள். பெயரட்டை மட்டும் வையுங்கள்: சூரை, காரை, களா, கிளுவை, தூதுவளை. ஆயாக்களும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளோடு வந்து சுட்டிக்காட்ட ஓரிடம் இருக்கட்டும்.

என் மகளுக்கு நான் காட்ட முடியாததை அவள் பிள்ளைக்குக் காட்டிவிட முடியும் என்று நம்புகிறேன். சேலையூரில் ஒரு வேதியியல் பேராசிரியர் அதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இருந்த மழை நமக்கும் பெய்கிறது. எச்சமிட்டு விதை பரப்பும் குருவி இன்னும் இருக்கிறது. விதையும் மதிலுக்குள்ளே உயிரோடு காத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது வேலி போட்டுவிட்டு, ஒரு முப்பது வருடம் பொறுத்திருப்பது மட்டும்தான்.